வார்டில் வந்த தடிப்பு: சந்தேகம் எந்த மருந்தின் மேல்?

வாசகி ஒருவரின் நீண்ட கடிதத்தை, அவர் யாரென்று தெரியாத வகையில் சுருக்கித் தருகிறேன். அவருடைய தாயாருக்கு வயது 64. மூளைக்குச் செல்லும் இரத்தக்குழாயில் அடைப்பு ஏற்பட்டு, அதையடுத்து வலிப்பும் வந்ததால், நான்கு வாரங்களுக்கு முன்பு ஃபெனிடாயின் மாத்திரை தொடங்கப்பட்டது. தேறி வீடு திரும்பியவருக்குச் சிறுநீர்த் தொற்றும் காய்ச்சலும் வரவே, மீண்டும் மருத்துவமனையில் சேர்த்திருக்கிறார்கள். ஆன்டிபயாடிக் ஊசி தொடங்கிய இரண்டாம் நாள் மார்பிலும் முதுகிலும் தடிப்புகள் தோன்றிக் கைகால்களுக்குப் பரவின. ஊசிதான் காரணம் என்று அதை நிறுத்தி, அரிப்புக்கு மருந்து கொடுத்தும் தடிப்பு அடங்கவில்லை. காய்ச்சல் மறுபடியும் ஏறியது, முகம் வீங்கியது. குடும்பத்தார் வற்புறுத்திய பிறகே தோல் மருத்துவர் அழைக்கப்பட்டார். அவர் பத்து நிமிடம் பார்த்துவிட்டு, ஃபெனிடாயினை நிறுத்த வேண்டும், சில இரத்தப் பரிசோதனைகள் செய்ய வேண்டும், தோலில் பயாப்ஸி எடுக்க வேண்டும் என்று எழுதிச் சென்றிருக்கிறார். இரண்டு நாள் ஆகியும் மாத்திரை தொடர்கிறது.

வாசகியின் கேள்விகள் பல. தோல் மருத்துவரைக் கேட்டு வாங்கியதில் பொறுப்பு மருத்துவரின் மனம் கோணியிருக்குமோ? பத்து நிமிடம் பார்த்தவர் சொன்னதை நம்பலாமா? நான்கு வாரமாக ஒன்றும் செய்யாத மாத்திரை இப்போது எப்படிக் காரணமாகும்? பயாப்ஸி என்றால் புற்றுநோய்ச் சந்தேகமா? வீட்டில் இருக்கும் கிரீமைத் தடவலாமா? தோல் சிகிச்சைக்கென்றே உள்ள வேறு மருத்துவமனைக்கு மாற்றிவிடலாமா?

காத்திருக்கக் கூடிய கடிதம் இது அன்று என்பதால், கிடைத்த அன்றே சுருக்கமான பதிலைத் தனியாக அனுப்பிவிட்டேன். அதன் விரிவு, வாசகியின் இசைவோடு, இங்கே வெளியாகிறது. தாயாரை நான் நேரில் பார்க்கவில்லை. ஆகவே, நோய் இன்னதென்று இங்கிருந்து முடிவு கட்ட மாட்டேன். அங்கே நடப்பதைப் புரிந்துகொள்ளவும், சரியானவரிடம் சரியான கேள்வியைக் கேட்கவும் இந்தப் பதில் உதவினால் போதும்.

அன்புள்ள வாசகிக்கு,

முதலில் உங்கள் தயக்கத்தைப் பற்றி. உள்நோயாளியாக இருப்பவருக்கு வேறொரு துறை மருத்துவரின் கருத்தைக் கேட்பது மருத்துவமனையில் அன்றாடம் நடக்கும் வேலை. இதயத்துக்கு ஒருவரையும் சிறுநீரகத்துக்கு ஒருவரையும் அழைக்கும்போது யாரும் அதை அவமதிப்பாகக் கருதுவதில்லை. தோலுக்கு அழைக்கும்போது மட்டும் ‘இதற்குப் போயா’ என்ற எண்ணம் குடும்பத்தாருக்கும் சில வேளை மருத்துவர்களுக்கும் வந்துவிடுகிறது. உலக மருத்துவச் சங்கம் 1981-இல் லிஸ்பனில் வெளியிட்டு, 1995-இல் திருத்திய நோயாளி உரிமைப் பிரகடனம், சிகிச்சையின் எந்தக் கட்டத்திலும் இன்னொரு மருத்துவரின் கருத்தைக் கேட்கும் உரிமை நோயாளிக்கு உண்டு என்று சொல்கிறது. நீங்கள் கேட்டது உங்கள் தாயாரின் உரிமை. அதோடு, கேட்ட நேரமும் சரியானது. தடிப்போடு காய்ச்சலும் முக வீக்கமும் சேர்ந்துவிட்டால் அதைத் தோலோடு நிற்கும் தொல்லையாகப் பார்க்கக் கூடாது.

பத்து நிமிடம் போதுமா என்று கேட்கிறீர்கள். அந்தப் பத்து நிமிடத்தில் அவர் என்னென்ன செய்தார் என்பதை நீங்களே கடிதத்தில் எழுதியிருக்கிறீர்கள். அதைப் படித்ததும் எனக்கு அவர்மேல் நம்பிக்கை வந்தது. டார்ச் அடித்து வாயைத் திறக்கச் சொல்லி உதட்டின் உட்புறத்தைப் பார்த்திருக்கிறார். கீழ் இமையை இழுத்துக் கண்ணைப் பார்த்திருக்கிறார். தடிப்பை விரலால் அழுத்தி, நிறம் மறைகிறதா என்று கவனித்திருக்கிறார். கழுத்திலும் அக்குளிலும் நெறி கட்டியிருக்கிறதா என்று தடவிப் பார்த்திருக்கிறார். தாயாரைப் புரட்டி முதுகையும் பார்த்திருக்கிறார். நீங்கள் வியப்போடு குறிப்பிட்ட விஷயம், அவர் நோயாளியைப் பார்த்ததைவிடக் கூடுதல் நேரம் கேஸ் ஷீட்டின் மருந்துப் பக்கங்களைப் புரட்டினார் என்பது. வார்டில் தோல் மருத்துவரின் பாதி வேலை அங்கேதான் இருக்கிறது. தடிப்பின் தோற்றம் பல நோய்களில் ஒன்றுபோலவே இருக்கும். எந்த மருந்து எந்த நாளில் தொடங்கியது என்ற கணக்குதான் அவற்றைப் பிரித்துக் காட்டும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். உங்கள் தாயார் கருநிறம் என்றும், ‘பெரிதாகச் சிவக்கவில்லையே’ என்று முதலில் பார்த்த இளம் மருத்துவர் சொன்னார் என்றும் எழுதியிருக்கிறீர்கள். கருநிறத் தோலில் அழற்சி சிவப்பாகத் தெரியாது. கரும்பழுப்பாகவோ ஊதா கலந்த சாம்பலாகவோ தெரியும், சில வேளை நிறமே மாறாமல் தொட்டால் சூடும் சொரசொரப்பும் மட்டும் இருக்கும். தினமும் குளிப்பாட்டித் துடைத்துவிடும் மகளின் கை, புதிதாக வந்து பார்க்கும் கண்ணைவிட முன்னதாக இதை அறியும். ஆகவே, ‘நேற்று இப்படி இல்லை’ என்று நீங்கள் சொல்வதற்கு மதிப்பு உண்டு. நல்ல வெளிச்சத்தில் தினமும் ஒரே இடத்தைப் படம் எடுத்து வைத்துக் காட்டுங்கள்.

கடைசியாகத் தொடங்கிய மருந்துதான் காரணமா?

உங்கள் குடும்பத்தார் எல்லாரும் ஆன்டிபயாடிக் ஊசியைச் சந்தேகித்ததில் தவறில்லை. பெரும்பாலானோர் அப்படித்தான் நினைப்பார்கள். மருத்துவமனையில் சேர்பவர்களில் 100-க்கு 2 அல்லது 3 பேருக்கு மருந்தால் தடிப்பு வருகிறது. அவற்றில் ஆன்டிபயாடிக்குகளுக்குப் பெரும் பங்கு உண்டு. ஆனால், ஒவ்வொரு வகை எதிர்வினைக்கும் தனிக் கால அளவு இருக்கிறது. உடனடி ஒவ்வாமை என்றால் ஊசி போட்ட சில நிமிடங்களிலோ ஓரிரு மணி நேரத்திலோ தோல் தடித்து அரிக்கும், உதடு வீங்கும், மூச்சு இழுக்கும். வழக்கமான மருந்துத் தடிப்பு, மருந்து தொடங்கிய 4 முதல் 14 நாளில் வரும். அதே மருந்தை முன்பு எடுத்திருந்தால் ஓரிரு நாளிலேயே வரலாம். தோலும் வாயும் கண்ணும் புண்ணாகி உரிகிற ஸ்டீவன்ஸ்-ஜான்சன் நோய்க்குறி பெரும்பாலும் 4 முதல் 28 நாளுக்குள் வரும். காய்ச்சல், முக வீக்கம், நெறி கட்டுதல், ஈரல் பாதிப்பு எல்லாம் கூடி வரும் ‘ட்ரெஸ்’ என்ற எதிர்வினை, மருந்து தொடங்கி 2 முதல் 8 வாரம் கழித்தே தலைகாட்டும்.

இந்தக் கணக்கில் உங்கள் தாயாரின் மருந்துகளை வைத்துப் பாருங்கள். ஊசி தொடங்கி இரண்டு நாள். ஃபெனிடாயின் தொடங்கி நான்கு வாரம். ‘நான்கு வாரமாக ஒன்றும் செய்யவில்லையே’ என்று நீங்கள் அந்த மாத்திரைக்காகப் பரிந்து பேசுகிறீர்கள். தோல் மருத்துவருக்குச் சந்தேகத்தைக் கிளப்பியதே அந்த நான்கு வாரம்தான். ஃபெனிடாயின் 1938 முதல் வலிப்புக்குப் பயன்பட்டு வரும் மருந்து. எத்தனையோ பேருக்கு உதவியது, இன்றும் உதவுகிறது. ஆனால் அதுவும் கார்பமாசெபைன், ஃபீனோபார்பிட்டால் போன்ற அதன் இனத்தைச் சேர்ந்த மருந்துகளும் 1,000 முதல் 10,000 பேரில் ஒருவருக்கு இத்தகைய கடும் எதிர்வினையைத் தருகின்றன என்பது நெடுநாளாகத் தெரிந்த கணக்கு. யூரிக் அமிலத்துக்குக் கொடுக்கும் அலோபியூரினாலும் சல்ஃபா மருந்துகளும்கூட இந்தப் பட்டியலில் உள்ளவை.

ஊசி போடுமுன் தோலில் சிறு அளவு செலுத்திச் சோதித்தபோது ஒன்றும் ஆகவில்லை என்றும் எழுதியிருந்தீர்கள். அந்தச் சோதனை உடனடி ஒவ்வாமையைப் பற்றி மட்டுமே ஏதாவது சொல்லும். நாள் கழித்து வரும் தடிப்பை அது முன்கூட்டிக் காட்டாது. உங்கள் சகோதரர் கேட்ட ‘ஒவ்வாமை இரத்தப் பரிசோதனை’யும் அப்படித்தான், இந்த நிலையில் அதற்குச் செலவழிக்க வேண்டாம். தோல் மருத்துவர் எழுதிக் கொடுத்த சோதனைகளில், இரத்த அணுக்களின் எண்ணிக்கையில் ஈசினோஃபில் என்ற வெள்ளணு கூடியிருக்கிறதா, லிம்போசைட் என்ற வெள்ளணுக்களில் இயல்பற்றவை தெரிகின்றனவா என்று பார்க்க வேண்டும். ஈரல் நொதிகளும், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினினும், சிறுநீரும் பார்க்க வேண்டும். இவை ஒரு முறை சரியாக இருந்தால் போதாது, ட்ரெஸ் சந்தேகத்தில் சில நாளுக்கு ஒரு முறை திரும்பப் பார்ப்பார்கள். தோல் தேறிவரும் வேளையில் ஈரல் மோசமாவதும் உண்டு என்பதால்தான் இந்தக் கண்காணிப்பு. இந்நோயில் உயிருக்கு ஆபத்து வருவது பெரும்பாலும் ஈரல் வழியாகத்தான்.

நீங்கள் இன்று செய்யக்கூடிய மிக உருப்படியான வேலை ஒன்று உண்டு. கடந்த எட்டு வாரத்தில் தாயார் உட்கொண்ட எல்லாவற்றையும் தேதியோடு ஒரு தாளில் எழுதுங்கள். முதல் மருத்துவமனையில் தந்தவை, வீட்டில் இருந்தபோது மூட்டுவலிக்குப் போட்ட மாத்திரை, மூலிகைப் பொடி, தூக்க மாத்திரை எதையும் விட வேண்டாம். ‘அது சும்மா வைட்டமின்தானே’ என்று நீங்களே தள்ளிவிடாதீர்கள். தள்ளுவதை மருத்துவர் பார்த்துக்கொள்வார். இப்போதைய கேஸ் ஷீட்டில் பெரும்பாலும் சேர்ந்த நாளிலிருந்துதான் கணக்கு இருக்கும். அதற்கு முந்தைய வாரங்கள் உங்கள் நினைவிலும் பழைய சீட்டுகளிலும் மட்டுமே இருக்கின்றன.

எழுதிய ஆலோசனை ஏன் நடக்கவில்லை?

அழைக்கப்பட்டு வரும் மருத்துவர் தருவது ஆலோசனை; ஆணை அன்று. அதை ஏற்று நடைமுறைப்படுத்துவது பொறுப்பு மருத்துவரின் கையில் இருக்கிறது. பல மருத்துவமனைகளில் தோல் மருத்துவர் முழு நேரமும் இருப்பதில்லை. வெளிநோயாளிகளைப் பார்த்து முடித்து, அழைப்பு வந்த வார்டுகளுக்குப் போய் எழுதிவிட்டுச் செல்கிறார். எழுதியது தாளில் தங்கிவிடுவதும், ஒருவர் மற்றவர் பார்த்துக்கொள்வார் என்று நினைப்பதும் உலகெங்கும் உள்ள குறை. இதை நான் சிறிய குறையாகக் கருதவில்லை.

ஆயினும், உங்கள் தாயாரின் விஷயத்தில் தயக்கத்துக்கு மருத்துவக் காரணமும் இருக்கிறது. வலிப்பு மருந்தை மாற்று ஏற்பாடு இல்லாமல் சட்டென்று நிறுத்தினால் வலிப்பு திரும்பும். மூளை பாதிப்பிலிருந்து மீண்டுவரும் ஒருவருக்கு அது பேராபத்து. அதனால்தான் நரம்பியல் மருத்துவரைக் கேட்க வேண்டும் என்று செவிலியர் சொன்னார். அது நியாயம், ஆனால் அதற்கு இரண்டு நாள் ஆவதில் நியாயம் இல்லை. லெவெடிரசெட்டம் போன்ற வேறு இன மருந்தை நரம்பு வழியாக அன்றே தொடங்கி, ஃபெனிடாயினை நிறுத்திவிட முடியும். மாற்றாகக் கார்பமாசெபைனையோ ஃபீனோபார்பிட்டாலையோ கொடுத்தால் அதே எதிர்வினை தொடரக்கூடும் என்பதையும், ஈரல் பாதிப்பு இருக்கையில் வால்ப்ரோயேட் என்ற வலிப்பு மருந்திலும் எச்சரிக்கை வேண்டும் என்பதையும் நரம்பியல் மருத்துவர் அறிவார். இருந்தாலும், ‘தோல் மருத்துவர் எழுதியதைப் பார்த்தீர்களா’ என்று கேட்க உங்களுக்குத் தயக்கம் வேண்டாம்.

எக்காரணம் கொண்டும் நீங்களாக மாத்திரையைக் கொடுக்காமல் ஒளித்துவைக்காதீர்கள். கடிதத்தின் கடைசிப் பக்கத்தில் அந்த எண்ணம் தெரிந்ததால்தான் அன்றே பதில் அனுப்பினேன். நாளைக் காலைச் சுற்றின்போது பொறுப்பு மருத்துவரிடம் பணிவாக, ஆனால் தெளிவாக மூன்று கேள்விகள் கேளுங்கள்: தோல் மருத்துவர் சொன்னதை ஏற்கிறீர்களா? ஏற்றால் மாற்று மருந்து இன்றைக்கே தொடங்குமா? ஏற்கவில்லை என்றால் காரணத்தைக் கேஸ் ஷீட்டில் எழுதி, அவரோடு ஒரு முறை பேசுவீர்களா? அநேகமாக மூன்றாவது கேள்விக்கு வேலை இருக்காது. இரண்டு மருத்துவர்கள் தொலைபேசியில் ஐந்து நிமிடம் பேசினால் தீர்கிற சிக்கல் இது.

மருந்தை நிறுத்திய மறுநாளே தடிப்பு மறையும் என்று எதிர்பார்க்காதீர்கள். ஃபெனிடாயின் உடலை விட்டு நீங்கவே பல நாள் ஆகும். ட்ரெஸ் என்றால், நிறுத்திய பிறகும் சில நாள் மோசமாகிப் பின்னரே திரும்பும். அந்த இடைவெளியில் ‘இதுவும் பலிக்கவில்லை’ என்று புதிய புதிய மருந்துகளைச் சேர்ப்பது குழப்பத்தைக் கூட்டும். ஈரலோ பிற உள்ளுறுப்போ பாதிக்கப்பட்டிருந்தால் ஸ்டீராய்டு மாத்திரை தொடங்குவார்கள். அதை வாரக்கணக்கில், சில வேளை மாதக்கணக்கில், படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். நன்றாகிவிட்டது என்று அவசரமாக நிறுத்தினால் நோய் திரும்பும்.

பயாப்ஸி, கிரீம்

பயாப்ஸி என்றாலே புற்றுநோய் என்ற அச்சம் பரவலாக இருக்கிறது. இங்கே அந்தச் சந்தேகமே இல்லை. தோலை மரத்துப்போகச் செய்யும் ஊசி போட்டு, வழக்கமாக 4 மில்லிமீட்டர் விட்டமுள்ள சிறு துண்டை எடுத்து, ஒன்றிரண்டு தையல் போடுவார்கள், படுக்கையிலேயே செய்யலாம். மரத்துப்போகும் ஊசிதான் கொஞ்சம் வலிக்கும். மூளை அடைப்புக்காகத் தாயார் எடுத்துவரும் ஆஸ்பிரினை இதற்காக நிறுத்தத் தேவையில்லை. சற்று நேரம் அழுத்திப் பிடித்தால் இரத்தம் நின்றுவிடும். ஆனால் இதையும் சொல்லிவிடுகிறேன்: இந்தத் துண்டு மட்டும் ‘இந்த மருந்துதான்’ என்று பெயர் சொல்லாது. வேறு நோய்களை விலக்கவும், தோல் உரியும் வகை தொடங்குகிறதா என்று அறியவும் உதவும். ஆகவே பயாப்ஸி முடிவு வரட்டும் என்று மருந்து மாற்றத்தைத் தள்ளிப்போட அது காரணமாகக் கூடாது.

வீட்டிலிருந்து நீங்கள் கொண்டுவந்த கிரீமில் வீரியமான ஸ்டீராய்டும் பூஞ்சைக்கொல்லியும் ஆன்டிபயாடிக்கும் கலந்திருக்கின்றன. அதைப் பைக்குள்ளேயே வைத்துவிடுங்கள். தோலின் தோற்றம் மாறிவிட்டால் அடுத்த முறை வரும் மருத்துவருக்கு உண்மை நிலை தெரியாது. அந்த கிரீமில் உள்ள பொருள்களில் ஒன்றே புதிய எரிச்சலைத் தரவும் கூடும். வறண்டு இழுக்கும் இடங்களுக்கு வாசனை சேராத வெள்ளை வாசலின் போதும். அதையும் செவிலியரிடம் சொல்லிவிட்டே தடவுங்கள்.

எதைக் கண்டால் அந்த நிமிடமே அழைக்க வேண்டும்?

வெறும் அரிப்பு பெரும்பாலும் நல்ல அறிகுறி. தோல் வலிக்கிறது, தொட்டால் எரிகிறது என்றால் கவலைப்பட வேண்டும். வாயிலோ கண்ணிலோ பிறப்புறுப்பிலோ புண், கொப்புளம், லேசாகத் தேய்த்த இடத்தில் மேல்தோல் வழுகி வருதல், அழுத்தினாலும் மறையாத ஊதாப் புள்ளிகள், மூச்சுத் திணறல், மஞ்சள் காமாலை, சிறுநீர் குறைதல், நினைவு மங்குதல் இவற்றில் எது தெரிந்தாலும் காலைச் சுற்றுக்குக் காத்திருக்க வேண்டாம். இரவு பணியில் இருப்பவரை எழுப்பலாம். டயப்பர் மாற்றும்போதும் முதுகைத் துடைக்கும்போதும் பாருங்கள். மருத்துவர் ஆடை விலக்கிப் பார்க்கத் தயங்கும் இடங்களில்தான் முதல் புண் பல முறை ஒளிந்திருக்கும்.

வேறு மருத்துவமனைக்கு மாற்றலாமா?

சொந்தப் பொறுப்பில் கையெழுத்திட்டுக் கூட்டிச் செல்வதை நான் ஆதரிக்க மாட்டேன். உங்கள் தாயாருக்கு இப்போது தோல், நரம்பியல், பொது மருத்துவம் மூன்றும் ஒரே கூரையின் கீழ் தேவை. தோலுக்கென்று மட்டும் உள்ள இடத்தில் வலிப்பு வந்தால் என்ன செய்வார்கள் என்று உங்கள் சகோதரரிடம் கேளுங்கள். மாற்றியே தீர வேண்டிய நிலைகளும் உண்டு. உடற்பரப்பில் 10 விழுக்காட்டுக்கு மேல் தோல் உரியத் தொடங்கினால், தீக்காயச் சிகிச்சை போன்ற தனிக் கவனிப்பு உள்ள இடம் வேண்டும். 30 விழுக்காட்டைத் தாண்டினால் உயிருக்கே பெரும் ஆபத்து. ஈரல் வேகமாகச் செயலிழந்தாலும் மாற்றியே தீர வேண்டும். அப்போதும் இரண்டு மருத்துவமனைகளும் பேசிக்கொண்டு, மருந்துப் பட்டியலோடு மாற்ற வேண்டும். இப்போதைக்கு, தோல் மருத்துவர் இரண்டாம் முறை வந்து பார்க்க வேண்டும் என்று கேளுங்கள். ஒரு முறை பார்ப்பதைவிட இரு நாள் இடைவெளியில் இரு முறை பார்ப்பது பல மடங்கு தெளிவு தரும். அவரால் வர இயலாவிட்டால், பொறுப்பு மருத்துவர் மூலமாகப் படங்களையும் புதிய இரத்த முடிவுகளையும் அனுப்பலாம்.

வீடு திரும்பும்போது

டிஸ்சார்ஜ் சம்மரியில் ‘மருந்து ஒவ்வாமை’ என்று மட்டும் எழுதியிருந்தால் ஏற்காதீர்கள். எந்த மருந்து, என்ன வகை எதிர்வினை, தொடங்கிய எத்தனையாம் நாள் என்று எழுதச் சொல்லுங்கள். ஃபெனிடாயினோடு தவிர்க்க வேண்டிய அதன் இன மருந்துகளின் பெயரும் அதில் இருக்க வேண்டும். அதே அளவு முக்கியமானது, குற்றமற்ற ஆன்டிபயாடிக்கின் பெயர் அந்தப் பட்டியலில் ஏறிவிடாமல் பார்ப்பது. பென்சிலின் ஒவ்வாமை என்று பதிவானவர்களை முறையாகச் சோதித்தால் 10-இல் 9 பேருக்கு அது இருப்பதில்லை. தவறான பதிவினால் நல்ல மருந்து மறுக்கப்பட்டு, வீரியமும் பக்கவிளைவும் கூடிய வேறொன்று தரப்படுகிறது. ஊசி உண்மையில் காரணமா என்பதைத் தாயார் முழுதும் தேறிய பிறகு நிதானமாக ஆராயலாம்.

ட்ரெஸ் உறுதியானால், தைராய்டு சுரப்பியைச் சில வாரங்களோ மாதங்களோ கழித்து இந்நோய் தாக்கக்கூடும் என்பதால், மூன்று மாதம் வாக்கில் ஒரு தைராய்டு பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். மருந்துக்கு இப்படி எதிர்வினை காட்டும் போக்கு இரத்த உறவினரிடையே வரக்கூடியது. உங்களுக்கோ உங்கள் சகோதரருக்கோ என்றேனும் வலிப்பு மருந்து தேவைப்பட்டால், எழுதும் மருத்துவரிடம் தாயாருக்கு நேர்ந்ததை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.